30 வருடம் பூட்டிக் கிடந்த ஒசிலோஸ்கோப்பைத் திருத்தலாமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். கொக்குவிலில் பெரியப்பாவின் வீட்டைத் துப்புரவாக்கும்போது சாமான் அறையில் ஒரு ரெக்ரோனிக்ஸ் 465 ஒசிலோஸ்கோப்பும் (மின்னலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) ஓர் அவோ மீற்றரும் (வோல்ற், கறண்ட், ஓம் அளக்கும் ஊசி மீற்றர்) கிடைத்திருக்கின்றன. இரண்டும் 1990களில் இருந்து அங்கேயே கிடந்தவை. பிளக்கைப் போட்டுப் பார்க்கலாமா, யாழ்ப்பாணத்தில் திருத்த வழி இருக்கிறதா, அல்லது விற்றுவிட்டு ஒரு புது டிஜிட்டல் ஸ்கோப் வாங்குவது நல்லதா என்று மூன்று கேள்விகள். கடைசி வரியில் மட்டும், "இதுபோல இன்னும் சேர்க்க ஆசை வந்துவிட்டது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் பதில் அந்தக் கடைசி வரியைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். அளவுக்கருவி திருத்துவதுதான் என் தொழிலாக இருந்தது. முதலில் கொழும்பில் ஒரு பட்டறையில், பிறகு இங்கே வீட்டோடு.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் போட வேண்டாம். 465ஐ உங்கள் வீட்டு மேசையில் வைத்தே, பொறுமை இருந்தால் நீங்களே திருத்தலாம். ஆனால் போன் போர்ட், சோலர் இன்வேட்டர் என்று கைக்கு வேலை வந்து நிற்கிறது, நாளைக்கே ஒரு ஸ்கோப் வேண்டும் என்றால் புது டிஜிட்டலை வாங்குங்கள். பழையதை நம்பி வாடிக்கையாளருக்கு நாள் குறிக்க முடியாது. பழையதைத் திருத்துவது படிப்பதற்கும் ஆசைக்கும் செய்கிற வேலை. அந்த ஆசை உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

465 வெளிவந்தது 1972இல். 100 மெகாஹேர்ட்ஸ், இரண்டு சானல். 0.35ஐ அலைவரிசை அகலத்தால் வகுத்தால் எழுநேரம் (அலை கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரம்) வரும் என்ற கணக்கின்படி 3.5 நனோசெக்கன் வேகமான விளிம்பு வரைக்கும் காட்டும். றேடியோ, அம்பிளிபயர், பவர் சப்ளை, மைக்ரோகொன்ரோலர் எல்லாவற்றுக்கும் இது தாராளம். ரெக்ரோனிக்ஸ் கொம்பனியை ஹவார்ட் வொல்லமும் ஜாக் மேர்டொக்கும் இன்னும் சிலரும் சேர்ந்து 1946இல் அமெரிக்காவின் ஓரிகனில் தொடங்கினார்கள். அடுத்த வருடமே வந்த 511 என்ற ஸ்கோப்தான் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதற்கு முந்திய ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் கோடு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அலையைத் திரையில் நிறுத்த நொப்பைத் திருகித் திருகிக் கெஞ்ச வேண்டும். 511இல் அலை ஒரு குறித்த மட்டத்தைத் தொட்டதும் கோடு புறப்படும், அதனால் படம் அசையாமல் நிற்கும். இன்று ரிகர் என்று நாம் சாதாரணமாகத் திருகுவது அதைத்தான்.

465ஐத் தொடலாம் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் அதன் சேவிஸ் மனுவல். இணையத்தில் இலவசமாக இறக்கலாம். ஒவ்வொரு பகுதியும் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம், முழுச் சுற்றுப்படம், எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ற், எந்த இடத்தில் அலை எப்படி இருக்க வேண்டும், எந்தத் திருகாணியை எந்த ஒழுங்கில் சரிசெய்வது எல்லாம் அதில் இருக்கின்றன. இன்று கடையில் வாங்குகிற மலிவு டிஜிட்டல் ஸ்கோப்புக்கு இதில் பத்தில் ஒன்றும் கிடைக்காது. வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும், ஸ்கோப்பைத் திறக்கு முன் மனுவலில் பவர் சப்ளைப் பகுதியை மட்டுமாவது இரண்டு தரம் வாசியுங்கள்.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது வோல்ற் தெரிவுச் சுவிச். 465இல் 115க்கும் 230க்கும் மாற்றுகிற சுவிச் ஒன்று இருக்கிறது, அதோடு ஊர்க் கறண்டின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப வீச்சைத் தெரிவு செய்கிற அமைப்பு ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவந்த பெட்டி என்றால் 115இல் இருக்க இடம் உண்டு. அதை 230இல் செருகினால் மற்றதை எல்லாம் பேசத் தேவையில்லை. அடுத்தது பியூஸ். 230க்கு மாற்றினால் பியூஸின் அம்பியரும் ஏறக்குறையப் பாதியாகும், சரியான அளவு மனுவலில் இருக்கிறது. பியூஸைக் கழற்றிக் கையில் எடுத்தே பாருங்கள். ஏன் என்றால், இங்கே கிடந்த பெட்டிகளுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது.

1990இல் போரால் யாழ் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த கறண்ட் நின்று போனது, பற்றரி தடைசெய்யப்பட்ட சாமானானது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டார்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் இங்கே திருத்து வேலை செய்தவர்கள் கையில் உள்ளதைக் கொண்டு எதையும் ஓட வைத்தார்கள். அவர்களுடைய திறமையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் திருத்தம் இன்றைக்கும் பெட்டிக்குள்தான் இருக்கும். பியூஸ் இருந்த இடத்தில் முறுக்கிய செப்புக் கம்பி, 100 மைக்ரோபரட் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ரீவியில் இருந்து கழற்றிய 47, மூன்று கால் ரான்சிஸ்ரரைத் திருப்பி வைத்து வளைத்த கால்கள், ஜெனரேற்றரின் ஏறி இறங்குகிற வோல்ற்றைத் தாங்கட்டும் என்று இடையில் சேர்த்த றெசிஸ்ரர். ஆகவே கொழுக்கியைப் போல வளைந்த சோல்டர், பளபளப்பு மாறிய இணைப்பு, போர்ட்டின் மற்றச் சாமான்களோடு ஒத்துவராத நிறமுள்ள கப்பாசிற்றர் எதைக் கண்டாலும் படம் எடுத்து வைத்து, சுற்றுப்படத்தோடு ஒப்பிடுங்கள். கொம்பனி வைத்ததைச் சந்தேகிக்கு முன் பிறகு வந்த கையைச் சந்தேகிப்பதுதான் எங்கள் பக்கத்துப் பெட்டிகளில் எனக்குப் பலன் தந்த வழி.

உள்ளே புழுதி, பல்லி முட்டை, குளவிக் கூடு, சில வேளை காய்ந்து போன பல்லியே இருக்கும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் ஊதுகிற பம்பும் போதும். ரெக்ரோனிக்ஸின் சேவிஸ் நிலையங்களிலேயே ஸ்கோப்புகளைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிச் சூட்டறையில் உலர்த்தினார்கள், அது உண்மை. அதைப் படித்துவிட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். காய்ந்த பிறகு கேத்தலின் அடியில் படிகிறதே, அது போர்ட்டிலும் படியும். ஈரத்தில் அது கறண்டையும் கடத்தும். கழுவியே ஆக வேண்டிய ஒரு பகுதி இருந்தால், உதாரணமாக எலி மூத்திரம் பட்ட போர்ட், கடைசி அலசலைப் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரால் செய்து, சித்திரை வெயில் போன்ற நல்ல காய்ச்சலில் பல நாள் விடுங்கள். ரான்ஸ்போமரும் உயர் வோல்ற் பகுதியும் நனையக் கூடாது. மாரி காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். 465இல் அடிக்கடி பழுதாகிறவை தந்தாலம் கப்பாசிற்றர்கள். பல போர்ட்டுகளில் பவர் வழியில் சிறிது சிறிதாகப் பரந்து கிடக்கும். எலெக்ரோலிற்றிக் கப்பாசிற்றர் பழுதானால் பெரும்பாலும் கொள்ளளவு குறையும், உள்தடை கூடும். தந்தாலம் அப்படியில்லை, பழுதானால் நேரே சோட் ஆகிவிடும், அதாவது இரு முனையும் கம்பியால் இணைத்தது போல ஆகிவிடும். பாசிமணி போன்ற ஒரு சின்னச் சாமான் சோட் ஆனால் அந்த வழி முழுவதும் இறங்கி, திரையில் ஒன்றும் இல்லாமல் பெட்டி செத்தது போலக் கிடக்கும். பார்க்கிறவர் ரியூப் (திரையாக இருக்கும் படக்குழாய்) போய்விட்டது என்று கைவிட்டுவிடுவார். அதனால் கறண்ட் கொடுக்கு முன் மல்ரிமீற்றரை ஓமில் வைத்து, பவர் சப்ளையின் ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் சசிக்கும் (பெட்டியின் உலோகச் சட்டத்துக்கும்) இடையே தடை பாருங்கள். 465இல் நேர் 110, நேர் 55, நேர் 15, நேர் 5, மறை 8 வோல்ற் என்று ஐந்து வழிகள். எதுவாவது ஒன்றிரண்டு ஓம் என்று காட்டினால் அங்கே சோட் இருக்கிறது. போர்ட் போர்ட்டாகக் கழற்றி, தடை எப்போது எழும்புகிறது என்று பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். மாற்றும்போது அதே கொள்ளளவில், வோல்ற் தாங்குதிறன் ஒரு படி கூடியதாகப் போடுங்கள்.

ஐந்தும் சரியென்றால் கறண்ட் கொடுக்கலாம், ஆனால் நேரடியாக இல்லை. இழை உள்ள பழைய 100 வாற்று மின்குமிழ் ஒன்றைத் தொடரில் போட்டு அதன் ஊடாகக் கொடுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. இழைக் குமிழ் இப்போது கடைகளில் குறைவு, கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். குமிழ் ஒருகணம் பிரகாசமாக எரிந்து மங்கினால் நல்ல சகுனம். பிரகாசமாகவே நின்றால் உடனே நிறுத்துங்கள், உள்ளே எங்கோ கறண்ட் அளவு மீறிப் போகிறது. 465இன் பவர் சப்ளை பெரிய இரும்பு ரான்ஸ்போமரோடு கூடிய பழைய வகை என்பதால் இந்த முறை அதற்குப் பொருந்தும். பிந்தி வந்த 2200, 2400 வரிசைகளில் உள்ளது சுவிச்சிங் வகை. அவற்றில் தொடர்க் குமிழைப் போட்டால் பழுது இல்லாத பெட்டியும் எழும்பாமல் இழுபட்டு உங்களைக் குழப்பும். அந்த வரிசைகளில் இன்னொரு கண்டம், கறண்ட் நுழைகிற இடத்தில் இருக்கும் ரிபா என்ற கொம்பனியின் கண்ணாடி போன்ற மஞ்சள் உறைக் கப்பாசிற்றர். உறை வெடித்து ஈரத்தை உறிஞ்சி, கறண்ட் கொடுத்துச் சில நிமிடங்களில் அறை முழுக்க நாற்றப் புகை அடிக்கும். எங்கள் காற்று ஈரத்தில் அது கட்டாயம் நடக்கும் என்றே எடுத்துக்கொண்டு, கண்டால் அளக்காமலே மாற்றிவிடுங்கள். நான் அளக்காமல் மாற்றச் சொல்கிற ஒரே சாமான் அது.

மற்றவற்றை அளக்காமல் மாற்ற வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம். யூரியூப்பில் பழைய பெட்டியைத் திறந்ததும் எல்லாக் கப்பாசிற்றரையும் ஒரே மூச்சில் கழற்றிப் புதிது போடுவதைக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 வருடப் போர்ட்டில் செப்புத் தடம் மெதுவாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பழுதில்லாத சாமானைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் தடம் பெயர்கிற ஆபத்து இருக்கிறது. போதாததற்கு, சந்தையில் கிடைக்கும் புதுக் கப்பாசிற்றர்களில் போலிகளும் உண்டு. நல்ல பழையதைக் கழற்றிக் கெட்ட புதியதைப் போட்டால், பிறகு வரும் பழுது பழையதா நீங்கள் கொண்டுவந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. உள்தடை அளக்கும் ஈஎஸ்ஆர் மீற்றர் ஒன்று வாங்குங்கள், மலிவுச் சீன மீற்றரே போதும். கழற்றாமலே பெரும்பாலானவற்றை அளக்கலாம்.

குமிழைத் தாண்டி நேரே 230 கொடுத்த பிறகு ஐந்து வழிகளையும் வோல்ற்றில் அளந்து பாருங்கள். முதலில் 55ஐப் பாருங்கள், மற்ற வழிகள் அதையே ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன. 55 பிழையானால் எல்லாம் பிழையாகும், அதனால் 55 சரியாகும் வரை மற்றவற்றோடு மல்லுக்கட்டுவது வீண். வோல்ற் சரியாக இருந்தாலும் அதில் அலைவு (நேரோட்டத்தோடு கலந்து நிற்கும் சிற்றலை) இருக்கலாம். மீற்றரை ஏசிக்கு மாற்றி மறுபடி பாருங்கள். பத்துக் கணக்கான மில்லிவோல்ற் நின்றால் பெரிய தகரக் கப்பாசிற்றர்கள் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். திரையில் கோடு தடித்து அல்லது மெல்ல நெளிந்து காட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

வழிகள் சரி, ஆனால் திரையில் கோடு இல்லை. பதற வேண்டாம். ரிகரை ஓட்டோவில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டி, 'பீம் பைன்ட்' என்ற பொத்தானை அழுத்துங்கள். அழுத்தும்போது திரையில் எங்காவது ஒளி தெரிந்தால் ரியூப்பும் உயர் வோல்ற்றும் உயிரோடு இருக்கின்றன. கோடு மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ ஓடி ஒளிந்திருக்கிறது, அதைச் செலுத்தும் அம்பிளிபயரைத் தேடுங்கள். அழுத்தியும் இருட்டு என்றால் உயர் வோல்ற் பகுதியும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றும் சந்தேகத்துக்குரியவை. அங்கே நான் உங்களுக்கு இங்கிருந்து கை பிடித்துக் காட்ட மாட்டேன். 465இன் ரியூப்பில் கதோட் என்ற முனை மறை 2450 வோல்ற்றில் நிற்கிறது, திரைப் பக்கம் அதைவிடப் பல மடங்கு. சாதாரண மல்ரிமீற்றர் ஆயிரம் வோல்ற்றுக்கு மேல் தாங்காது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பகுதி அடிக்கும். அந்த அளவுக்குப் போக வேண்டி வந்தால் உயர் வோல்ற் புரோப் (அளக்கும் முனை) உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிறவர்களிடமோ பழைய ரீவி திருத்துநர் ஒருவரிடமோ கேட்டுப் பாருங்கள். படக்குழாய் ரீவி திருத்தியவருக்கு இந்தப் பகுதி பழக்கமான இடம்.

ரியூப் உண்மையிலேயே போயிருந்தால் என்ன செய்வது? புதிது எங்கும் செய்வதில்லை. இன்னொரு 465ஐ வாங்கி ஒன்றை மற்றதுக்குக் கொடுப்பதுதான் வழி. உங்கள் ரியூப் எப்படி என்று படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய படத்தில் திரையில் கருப்புக் கீறல் போல ஒன்று நடுவில் தெரிகிறது. அது முன்னால் இருக்கும் நிறக் கண்ணாடியில் பிடித்த பூஞ்சணமாகவும் இருக்கலாம், ஒரே கோட்டை வருடக்கணக்காக எரிய விட்டதால் திரையின் ஒளிர்பூச்சு கருகியதாகவும் இருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் எது என்று தெரிந்துவிடும். கருகல் என்றாலும் கருவி வேலை செய்யும், விலைதான் குறையும்.

கோடு வந்துவிட்டது, ஆனால் நொப்பைத் தொட்டால் குதிக்கிறது, சில இடத்தில் மறைகிறது என்றால், அது யாழ்ப்பாணத்துக் காற்றின் வேலை. குருநகர், காரைநகர் போன்ற கடற்கரைப் பக்கத்து வீட்டுப் பெட்டிகளில் இது இன்னும் மோசமாக இருக்கும், கொக்குவில் பரவாயில்லை. முதலில் எல்லா நொப்பையும் இரு பக்கமும் பல தரம் சுழற்றுங்கள். கறண்டை நிறுத்திவிட்டு, செருகி வைக்கும் ரான்சிஸ்ரர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதே இடத்தில் மறுபடி செருகுங்கள். 465இல் பல ரான்சிஸ்ரர்கள் சொக்கெற்றில்தான் இருக்கின்றன. காலில் படிந்த கறள் இப்படியே உரசி நீங்கிவிடும். ஒரே தடவையில் இரண்டைக் கழற்ற வேண்டாம், இடம் மாறிப் போகும். திரையில் ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ற் என்று தெரிவு செய்யும் முகப்பு நொப்புக்குப் பின்னால் தங்கம் பூசிய மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். அங்கே கடையில் விற்கிற கொன்ராக்ட் ஸ்பிரேயை அடிக்கக் கூடாது. அதன் எண்ணெய் போர்ட்டில் ஊறி, மிகச் சிறிய கசிவுக் கறண்டை உண்டாக்கி, அளவைக் கெடுக்கும். ஒரு கடதாசித் துண்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, தகட்டுக்கும் தடத்துக்கும் இடையில் வைத்து, சுவிச்சை மூடி, மெதுவாக இழுங்கள். கடதாசியில் சாம்பல் நிறக் கோடு வரும். வெள்ளையாக வரும் வரை செய்யுங்கள். பஞ்சு சுற்றிய குச்சி வேண்டாம், நூல் தகட்டில் மாட்டி அதை வளைத்துவிடும்.

ஏர்த் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. ஸ்கோப்பின் புரோப்பில் உள்ள கறுப்பு முதலைக் கிளிப் பெட்டியின் சசியோடும், அதன் வழியே வீட்டு ஏர்த்தோடும் நேராக இணைந்தது. ஆகவே 230இல் நேரடியாக ஓடும் சுற்றில், உதாரணமாக சுவிச்சிங் சார்ஜரின் முதற் பக்கத்தில், அதைக் கொழுவினால் பொறி பறக்கும். சிலர் இதற்கு மருந்தாக ஸ்கோப்பின் ஏர்த் காலை வெட்டிவிடுவார்கள். செய்ய வேண்டாம். அப்போது முழுப் பெட்டியும் 230இல் நிற்கும், நீங்கள் அதன் நொப்பைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். சோதிக்கும் பொருளை ஒரு தனிமைப்படுத்தும் ரான்ஸ்போமரில் போடுவதுதான் சரியான முறை. வீட்டு ஏர்த்தையும் ஒருதரம் பாருங்கள். பழைய வீடுகளில் ஏர்த் கம்பி கிணற்றடியிலோ தாழ்வாரத்திலோ கறள் பிடித்து அறுந்திருக்கும், கோடையில் மண் காய்ந்தால் இருக்கிற ஏர்த்தும் பலவீனம். பெட்டியைத் தொட்டால் மெல்லச் சுள்ளென்கிறது என்றால் முதலில் ஏர்த்தைச் சந்தேகியுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, அளவு சரியா என்று பார்ப்பது. முகப்பில் 1 கிலோஹேர்ட்ஸ், 300 மில்லிவோல்ற் சதுர அலை தருகிற முனை ஒன்று இருக்கிறது. புரோப்பை அதில் பிடித்து, சதுரத்தின் மூலை ஊசிபோல மேலே எழும்பாமலும் மழுங்காமலும் வரும்படி புரோப்பின் சின்னத் திருகாணியைச் சரிசெய்யுங்கள். நேர அளவுக்கு ஓர் ஆர்டுயினோ போர்ட் (புரோகிராம் எழுதி ஓட விடும் சின்ன மைக்ரோகொன்ரோலர் போர்ட்) நல்ல உரைகல். அதன் கடிகாரத் துடிப்பு பெரும்பாலும் 16 மெகாஹேர்ட்ஸ், நம் தேவைக்குப் போதுமான துல்லியம். கறண்டின் 50 ஹேர்ட்ஸை நம்ப வேண்டாம், அது நாளில் பல தரம் கூடிக் குறையும். செங்குத்து அளவுக்கு ஒரு பற்றரியின் வோல்ற்றை நல்ல மல்ரிமீற்றரால் அளந்து ஒப்பிடுங்கள். இவை 3 வீதத்துக்குள் ஒத்துவந்தால் உள்ளே இருக்கும் திருகாணிகளைத் தொட வேண்டாம். அவை ஒன்றையொன்று பாதிக்கும், ஒழுங்கு தவறினால் மீண்டு வருவது கடினம்.

அவோ மீற்றரைப் பற்றி நீங்கள் அரை வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் கூட ஆசை. படத்தில் இருப்பது மொடல் 8. 1951இல் வந்து, பல தரம் திருத்தி வெளியிட்டு, 2008 வரைக்கும் இங்கிலாந்தில் செய்தார்கள். நேரோட்டத்தில் ஒரு வோல்ற்றுக்கு 20,000 ஓம். வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம் தொடர்ந்ததால் எங்கள் தலைமுறை மின்வேலை பழகியதே இந்தக் கறுப்புப் பெட்டியில்தான். முதல் வேலை, பின்மூடியைத் திறந்து பற்றரியைப் பார்ப்பது. கசிந்து பச்சை பூத்திருந்தால் வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, பிறகு வடித்த தண்ணீரால் துடையுங்கள். இதில் 1.5 வோல்ற் பற்றரி ஒன்றும் 15 வோல்ற் பற்றரி ஒன்றும் போடுவார்கள். அந்தப் பதினைந்தை இங்கே கடையில் தேடிக் களைக்க வேண்டாம். 3 வோல்ற் நாணயப் பற்றரி ஐந்தை அடுக்கி ஒரு குழாயில் இறுக்கினால் சரி. பற்றரி இல்லாவிட்டாலும் வோல்ற்றும் கறண்டும் அளக்கும், ஓம் அளக்கத்தான் பற்றரி. ஊசி ஒட்டுகிறது என்று அச்சில் எண்ணெய் விடாதீர்கள். பெட்டியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஊசி தடையில்லாமல் அசைந்து திரும்பினால் அசைவுச் சுருள் நலம். சுருளின் தடையை இன்னொரு மல்ரிமீற்றரால் நேரே அளக்கப் போக வேண்டாம், அந்த மீற்றர் அனுப்புகிற கறண்டே ஊசியைச் சுவரில் அடித்து வளைத்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் திருத்த வழி இருக்கிறதா என்ற கேள்வியில் சாமான் எங்கே கிடைக்கும் என்பதும் அடங்கும். பொதுவான கப்பாசிற்றர், றெசிஸ்ரர், டயோட் எல்லாம் யாழ் நகரக் கடைகளில் கிடைக்கும். இல்லாததைக் கொழும்பு புறக்கோட்டையில் எடுக்கலாம், யாராவது போகும்போது பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ரான்சிஸ்ரரில் ரெக்ரோனிக்ஸ் தன் சொந்த இலக்கத்தை அடித்திருக்கும், அதைக் கண்டு மலைக்க வேண்டாம். 151-0190 என்று இருப்பது சாதாரண 2என்3904. 151-0188 என்பது 2என்3906. இரண்டும் தேங்காய் விலையை விட மலிவு. இலக்கம் 155இல் தொடங்கினால்தான் கவலை. அது அவர்கள் தமக்கென்றே செய்த ஐசி. கடையில் கிடைக்காது, இன்னொரு பழுதான பெட்டியில் இருந்துதான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஐசி ஒன்று போயிருக்கிறது என்று முடிவுகட்டு முன், அதற்கு வரும் வோல்ற் எல்லாம் சரியா என்று மூன்று தரம் பாருங்கள்.

இனிச் சேர்க்கிற ஆசை. ஆரம்பத்திலேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று ஓடும் வரை அடுத்தது வேண்டாம். இல்லாவிட்டால் பெரியப்பாவின் சாமான் அறை உங்கள் வீட்டுக்கு இடம் மாறும், வீட்டில் உள்ளவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். இலங்கையில் பழைய நிறுவனங்களின் ஏலங்களிலும் வீடுகளிலும் தேடினால் ரெலிஎக்கியூப்மென்ட் என்ற இங்கிலாந்து ஸ்கோப்புகள், பிலிப்ஸ், ஜப்பானின் ஹிற்றாச்சி, இன்னும் அவோ மீற்றர்கள் தட்டுப்படலாம். தொடங்குகிறவருக்கு ஹிற்றாச்சியின் 20 மெகாஹேர்ட்ஸ் வி-212 போன்றது நல்லது. உள்ளே எளிமை, சாமானும் பெரும்பாலும் சாதாரணச் சாமான். வாங்கப் போகும்போது நொப் எல்லாம் இருக்கிறதா, பெட்டி பளபளக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஓட விடுகிறார்கள் என்றால் திரையின் கோடு கூர்மையாக நிற்கிறதா, அரை மணி நேரம் சூடான பிறகும் அதே பிரகாசம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 500 வரிசை ரெக்ரோனிக்ஸில் உயர் வோல்ற் ரான்ஸ்போமர் சூடேறியதும் கசிந்து கோடு மங்குவது பேர்போன பழுது. ஐந்து நிமிடம் காட்டிவிட்டு நிறுத்துகிறவரிடம் அவசரப்பட வேண்டாம். அந்த 500 வரிசை ஒன்று கிடைத்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உள்ளே வெள்ளைச் சீனக்களிமண் வரிசைகளில் சாமான்களைச் சோல்டர் பண்ணியிருப்பார்கள். அதில் சாதாரண ஈயத்தை வைத்தால் களிமண்ணோடு ஒட்டியிருக்கும் வெள்ளிப் பூச்சைக் கரைத்து எடுத்துவிடும். வெள்ளி கலந்த சோல்டர்தான் வேண்டும். அதற்காகவே பெட்டிக்குள் ஒரு சின்னச் சுருளைக் கொம்பனியே வைத்து அனுப்பியது. யாரும் எடுக்காவிட்டால் இன்னும் இருக்கும்.

திருத்திய பெட்டியைப் பொலித்தீனில் கட்டி வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அதை விடுங்கள், உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே போக வழியில்லை. பருத்தித் துணி போர்த்து, மாரி காலத்தில் கிழமைக்கு ஒருதரம் ஒரு மணி நேரம் ஓட விட்டால் அதன் சூடே அதை உலர்த்திவிடும்.

விற்றுவிட்டுப் புது டிஜிட்டல் வாங்குவது நல்லதா என்று மூன்றாவதாகக் கேட்டீர்கள். ஒருமுறை மட்டும் நிகழ்ந்து மறைவதைப் பிடித்து வைப்பதிலும், தானே அளந்து எண் சொல்வதிலும், எடுத்துக்கொண்டு போவதிலும் டிஜிட்டல்தான் மேல், வாதமே இல்லை. மாதிரி எடுக்கும் வேகம் போதாமல், இல்லாத ஒரு மெதுவான அலையைத் திரையில் காட்டி ஏமாற்றுவது டிஜிட்டலுக்கு உள்ள குணம். 465இல் அந்த ஏமாற்று இல்லை. ஒலி அம்பிளிபயரில் மங்கலாக அரைவாசி தெரிகிற அதிர்வு ஒன்றைக் கண்ணால் பிடிப்பதற்கு நான் இன்றைக்கும் பழையதைத்தான் போடுகிறேன். ஆனால் அது பழகிய கையின் விருப்பமாகவும் இருக்கலாம்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, வோல்ற் சுவிச் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பியூஸின் படத்தையும் அனுப்புங்கள். பிறகு மூடியைக் கழற்றி, கறண்ட் இல்லாமலே அந்த ஐந்து வழிகளின் ஓம் அளவையும் எடுத்து இங்கே எழுதுங்கள். எழுதும்போது மீற்றரின் எந்த முனை சசியில் இருந்தது என்பதையும் குறிப்பிடுங்கள், மாற்றிப் பிடித்தால் அளவு வேறாக வரும். அதைப் பார்த்துவிட்டு எந்தப் போர்ட்டை முதலில் கழற்றலாம் என்று சொல்கிறேன்.